வாசல் செம்பு

கதவைத் திறக்க வேண்டிய பெண் திறக்கவில்லை. முள்ளூரணி செல்வநாயகி டாக்கீஸில் நடந்த கோளாறு அவ்வளவுதான்.

படத்தின் பெயர் 'உள்ளே மூவர்'. கறுப்பு வெள்ளைப் படம். கதையும் பெரிய கதையில்லை. ரோட்டோரத்தில் ஒரு தனி வீடு. புருஷன் லாரியில் வடக்கே போயிருக்கிறான். வீட்டில் கோமதி என்று ஒரு பெண், படுக்கையோடு கிடக்கும் மாமியார், நாலு வயசில் ஒரு பெண்பிள்ளை. உச்சிவெயிலில் முகத்தில் துண்டு சுற்றிய மூன்று பேர் வந்து கதவைத் தட்டி, கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா என்பார்கள். கோமதி ஜன்னலில் பார்ப்பாள், செம்பை எடுப்பாள், கதவைத் திறப்பாள். முதல் ஆள் குடிப்பான். இரண்டாவது ஆள் கதவுக்கு நடுவில் காலை வைப்பான். மூன்றாவது ஆள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போடுவான். அங்கிருந்து இரண்டு மணி நேரம் அந்த வீட்டுக்குள்ளேயே ஓடும். முடிகிறபோது அந்த வீட்டில் மூச்சு விடுகிறவர்கள் அந்த மூன்று பேர் மட்டும்தான். பக்கத்து டவுனில் இருபது நாள் ஓடியிருக்கிறது. மயங்கி விழுந்த பெண்களைத் தூக்கிப்போக வாசலில் ஒரு வில்வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்களாம். அது போதாதா, முள்ளூரணி ஜனம் முதல் நாள் முதல் ஆட்டத்துக்கே வெயிலில் வரிசை கட்டி நின்றுவிட்டது.

ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முள்ளூரணியில் தண்ணீர் கிடையாது. இருக்கிற கிணறுகளில் பாதி உப்பு, மீதி பாதி பாறை. தெருக்குழாயில் வாரத்துக்கு இரண்டு தடவை நூல் மாதிரி வரும். அப்படிப்பட்ட ஊர் என்பதாலேயே அங்கே ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வீடு, கதவுக்கு உட்புறம், வலதுகைப் பக்கம், ஒரு செம்புத் தண்ணீர் மூடி வைத்திருப்பார்கள். அதற்கு வாசல் செம்பு என்று பெயர். வீட்டு ஆள் யாரும் அதைத் தொடக்கூடாது, பிள்ளை விக்கிச் செத்தாலும் உள்பானையில்தான் மோக்க வேண்டும். வாசலில் நின்று தண்ணி என்று ஒருத்தன் கேட்டுவிட்டால், அவன் பேச்சு அற்றுப்போன பங்காளியாக இருந்தாலும், வரப்புச் சண்டையில் அரிவாள் தூக்கினவனாக இருந்தாலும், ஊர் பேர் விசாரிக்காமல் கதவைத் திறந்து அந்தச் செம்பை நீட்டியாக வேண்டும். படத்தில் கோமதியின் வீட்டிலும் கதவுக்கு வலதுகைப் பக்கம் ஒரு செம்பு மூடியோடு இருந்தது. படம் எடுத்தவன் எங்கே கேட்டுத் தெரிந்துகொண்டானோ. அதைப் பார்த்ததும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக் காட்டிக்கொண்டார்கள்.

செல்வநாயகி டாக்கீஸில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் இடுப்புயரக் குட்டிச்சுவர் ஒன்று ஓடும். ஆண்கள் விசிலடிக்கலாம், கத்தலாம், திரையைப் பார்த்துக் கெட்டவார்த்தை பேசலாம். பெண்கள் வாய் திறக்கக்கூடாது, வீட்டில் உதை விழும். ஆனால் பெண்களுக்கும் கத்தத் தோன்றுமே. அதற்குத்தான் சீனித்தாய் இருந்தாள்.

சீனித்தாய் பெண்கள் வாசலில் சீட்டுக் கிழிக்கிறவள். ஐம்பதை ஒட்டின வயசு. பிள்ளை குட்டி இல்லை, கட்டினவன் போன திசை தெரியாது. திரைக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிய தகரச் சாய்ப்பில் குடியிருந்தாள். அவளுக்கு உடம்பில் வேறு ஒன்றும் பெரிதாக இல்லாவிட்டாலும் தொண்டை இருந்தது. படம் ஓடும்போது பெண்கள் அவள் முந்தானையை இழுத்து, சீனியக்கா அந்தப் பயலை வைங்கக்கா என்பார்கள், சீனித்தாய் எழுந்து நின்று ஊருக்கே கேட்கும்படி வைவாள். சீனியக்கா அந்தப் பாலைக் குடிக்கவேண்டாம்னு சொல்லுங்கக்கா என்பார்கள், சொல்லுவாள். இருபது வருஷமாக எத்தனையோ பேரை அவள் எச்சரித்திருக்கிறாள், ரயிலில் ஏறாதே என்றிருக்கிறாள், கையெழுத்துப் போடாதே என்றிருக்கிறாள், அவன் தாலி கட்ட வரவில்லை உன்னை விற்க வந்திருக்கிறான் என்றிருக்கிறாள். திரைக்குள் இருந்த ஒருத்தரும் ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்காததுதான் அந்த வேலையின் சௌகரியம்.

அந்த வெள்ளிக்கிழமை பகலாட்டத்தில் கோமதி செம்பின் மூடியை எடுத்தபோது, வாத்தியார் வீட்டு அன்னபாக்கியம் சீனித்தாயின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சீனியக்கா, திறக்கவேண்டாம்னு சொல்லுங்க, பக்கத்து டவுன்ல என் தங்கச்சி பார்த்திருக்கா, அந்தச் சின்னப்பிள்ளையைக்கூட விடமாட்டானுகளாம்.

சீனித்தாய் எழுந்தாள்.

"திறக்காதே தாயி. தண்ணிக்கு வந்தவனுக இல்ல அவனுக."

கோமதி நின்றாள். மூடியைத் திரும்பச் செம்பின் மேல் வைத்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போய் உலையில் அரிசியைக் களைந்து போட்டாள்.

படம் அப்படியே ஓடியது. மூன்று பேர் வெளியே வெயிலில் நின்றார்கள். உள்ளே கோமதி வடித்தாள், பிள்ளைக்கு ஊட்டினாள், மாமியாரைப் புரட்டிப் போட்டு முதுகு துடைத்தாள், முறத்தில் பயறு பொறுக்கினாள். இரண்டு மணி நேரம் கழித்து வணக்கம் போட்டது.

ஆபரேட்டர் சவரிமுத்து ரீல் பெட்டியைத் திறந்து பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பயறு பொறுக்குவதுதான் இருந்தது. அவர் அதற்காக மலைத்துப்போகவில்லை. முதலாளி தனுக்கோடியிடம் போய், படத்துப் பொம்பளை நம்ம சீனி சொல்லைக் கேட்டுட்டா மொதலாளி என்றார். தனுக்கோடி, பொம்பளைக்குப் பொம்பளை பேச்சு, நாளைக்குச் சரியாகிரும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சரியாகவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் தட்டும் சத்தம் வந்ததும் கோமதி செம்பருகே வந்து நிற்பாள், திரையிலிருந்து பெண்கள் பக்கமாகத் திரும்பிக் கண்ணைச் சுருக்கித் தேடுவாள்.

"அக்கா, திறக்கவா?"

"வேண்டாம் தாயி."

அவ்வளவுதான் பேச்சு. அவள் உள்ளே போய்விடுவாள்.

முதல் ஒரு வாரம் ஊருக்கு அது திருவிழா. பெண்கள் சாரிசாரியாக வந்தார்கள். தீப்பெட்டி ஆபீசில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார்கள், கைவேலையையும் கொண்டுவந்து உட்கார்ந்து குச்சி அடுக்கிக்கொண்டே பார்த்தார்கள், கோமதி குழம்புக்குப் புளி கரைத்தால் இவ்வளவு புளியா என்றார்கள், பிள்ளைக்குத் தலை பின்னினால் இழுத்துப் பின்னாதேடி என்றார்கள், மாமியார்க்காரி முனகினால் சனியன் சாகமாட்டேங்குது என்று கோமதிக்காக அலுத்துக்கொண்டார்கள். அன்னபாக்கியம் வீட்டிலிருந்து ஒரு சுருள் பூ கொண்டுவந்து திரைக்குக் கீழே வைத்தாள். சீனித்தாய் நடந்தால் தெருவில் வழிவிட்டார்கள். அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. இருபது வருஷம் கத்தினதில் ஒரு பேச்சை ஒருத்தி கேட்டிருக்கிறாள். தகரச் சாய்ப்பில் படுத்துக்கொண்டு சுவரைத் தொட்டுப் பார்ப்பாள். அந்தப் பக்கம்தான் கோமதியின் அடுப்படி என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த ஒரு வாரத்தில் ஊருக்குள் இன்னொன்றும் நடந்தது. யாரும் சொல்லிச் செய்யவில்லை. வாசல் செம்புகள் ஒவ்வொன்றாக அடுப்படிக்குப் போயின. பகலிலும் கதவுகளுக்குத் தாழ் விழுந்தது. தண்ணி என்று சத்தம் கேட்டால் பெண்கள் ஜன்னல் இடுக்கில் பார்த்தார்கள், அப்புறம் உள்ளே போய்ப் பயறு பொறுக்கினார்கள்.

இரண்டாவது வாரம் அலுப்பு வந்தது.

முதலில் ஆண்கள் பக்கம். ஒரு பொம்பளை சோறு பொங்குவதைப் பார்க்கவா சீட்டு வாங்கினோம் என்றார்கள். பிறகு பெண்கள் பக்கமும். அன்னபாக்கியத்தின் தங்கை பக்கத்து டவுனிலிருந்து வந்திருந்தவள், மிச்சப் படத்தில் என்னென்ன நடக்கும் என்று குழாயடியில் விவரமாகச் சொல்லிவிட்டாள். மாமியாரை முதலில் என்ன செய்வார்கள், பிள்ளை எங்கே ஒளியும், எப்படிக் கண்டுபிடிப்பார்கள், கோமதி எந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிடுவாள், எல்லாம். கேட்டவர்கள் ஐயோ பாவி என்று நெஞ்சில் கை வைத்தார்கள். வைத்த கையை எடுக்காமலே, அப்புறம் என்று கேட்டார்கள். பக்கத்து டவுன்காரி பார்த்ததை நாம் பார்க்கவில்லையே என்பது ஊருக்கு உறுத்தலாகிப்போனது.

சவரிமுத்து முதல் நாலு ரீலை விட்டுவிட்டு ஐந்தாவதிலிருந்து ஓட்டிப் பார்த்தார். கதவு சாத்தித்தான் இருந்தது. தனுக்கோடி பெட்டியைத் திருப்பி அனுப்பி வேறு பிரிண்ட் வரவழைத்தார். அதிலும் கோமதி வந்து நின்று, அக்கா திறக்கவா என்றாள். ஆண்கள் பக்கம் நூற்றைம்பது பேர் எழுந்து நின்று திறடி திறடி என்று கத்தினார்கள். அவள் காதில் விழவில்லை. பல குரலில் பேசுகிற ஆள் ஒருத்தனைக் கோயில்பட்டியிலிருந்து கூட்டிவந்தார்கள். அவன் லாரிக்காரப் புருஷன் குரலில் கூப்பிட்டான், போலீஸ்காரன் குரலில் அதட்டினான், கடைசியில் சீனித்தாய் குரலிலேயே, திற தாயி என்றான். கோமதி சிரித்தாள். எங்கக்கா குரலில் கொஞ்சம் பீடி நாறும் என்றாள். சீனித்தாய் பீடி குடிப்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

வெளியே நின்ற மூன்று பேரும் இளைத்துக்கொண்டே வந்தார்கள். ஒருத்தன் சுவர் நிழலில் உட்கார்ந்துவிட்டான். சின்னவனுக்கு உதடு வெடித்திருந்தது. ஆண்கள் பக்கத்தில் அவர்கள் மேல் இரக்கம் பிறந்தது. பாவம், எத்தனை நாளைக்குத்தான் நிப்பானுக, வந்த வேலையை முடிச்சுட்டுப் போக வேண்டாமா என்றார் ஒருத்தர்.

பதினாலாம் நாள் குடை ரிப்பேர்க்காரர் செத்தார். வெளியூர்க்காரர், வருஷத்துக்கு ஒருமுறை சித்திரையில் வருகிறவர். அன்று காலையிலிருந்து வீடு வீடாகத் தண்ணீர் கேட்டிருக்கிறார். முள்ளூரணியில் அப்படிக் கேட்டுக் கிடைக்காமல் போனது அவருக்குப் புதுசு, ஆகவே தன் குரல்தான் சரியாக எழும்பவில்லை என்று நினைத்து அடுத்த வீட்டில் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டிருக்கிறார். நாற்பது வீடு. பகலாட்டம் விட்டு ஜனம் வெளியே வந்தபோது தியேட்டர் சுவரில் கோமதி போஸ்டர் ஒட்டியிருந்த இடத்துக்குக் கீழே, சுவர் நிழலில், குடைக்கம்பிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தார்.

நாற்பது வீட்டுக்காரர்களும் அன்று சாயந்திரம் தியேட்டர் முற்றத்தில் கூடினார்கள். செத்தவர் பேர் யாருக்கும் தெரியவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு, யாரால் வந்தது இது என்று பேசினார்கள். நாம் காலங்காலமாகச் செம்பு நீட்டிய ஊர், நமக்குத் திறக்காதே என்று சொல்லிக்கொடுத்தது யார். கண்டுபிடிக்க நேரமாகவில்லை. அன்னபாக்கியம்தான் சொன்னாள். நான் சும்மா ஒரு பதற்றத்தில் சொல்லச் சொன்னேன், படத்துக்குத்தானே சொன்னேன், இவ ஏன் ஊருக்கே கேக்கிற மாதிரிக் கத்தணும்.

சீனித்தாயைக் கூப்பிட்டுவிட்டார்கள். தனுக்கோடி தன்மையாகத்தான் பேசினார். அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை அவர்.

"சீனி, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். அவ கேக்கும்போது, திறன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஊருக்குப் பிடிச்ச பீடை விட்டுப்போகும்."

"உள்ள பிள்ளை இருக்கு மொதலாளி."

"அது படம், சீனி."

"படம்னா என் பேச்சை ஏன் கேக்குது?"

பதில் இல்லாதபோது ஜனத்துக்கு வருகிற கோபம் வந்தது. ஆனாலும் ஒருத்தரும் அவள் மேல் கை வைக்கவில்லை. முள்ளூரணியில் பொம்பளையை அடிக்கிற பழக்கம் வீட்டுக்குள்ளே மட்டும்தான். அவர்கள் செய்தது வேறு. தியேட்டர் தொட்டிக் குழாய்க்குத் தனுக்கோடி பூட்டுப் போட்டார். தெருக்குழாயில் சீனித்தாயின் குடம் வரிசையில் இருந்தால் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த குடத்தை வைத்தார்கள். ஊர்க் கிணற்றிலிருந்து வாளியும் கயிறும் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போயின, தேவைப்பட்டவர்கள் வீட்டிலிருந்து கயிறு கொண்டுவந்து இறைத்துக்கொண்டு கயிற்றோடு போனார்கள். டீக்கடையில் அவளைப் பார்த்ததும் பாய்லரை அணைத்தார்கள். கத்திரி வெயில் நாள். தகரச் சாய்ப்பு. அவளிடம் பானையில் அரைக்குடம் இருந்தது.

பஸ் ஏறிப் போயிருக்கலாம். தினம் நாலு பஸ் போகிறது. சவரிமுத்தே ஒருநாள் யாரும் பார்க்காதபோது வந்து, போயிரு சீனி, உசிரு பெரிசு என்று சொன்னார். சொல்லும்போது கையில் தண்ணீர் கொண்டுவந்தாரா என்றால், இல்லை. சீனித்தாய் யோசித்துத்தான் பார்த்தாள். நான் போனப்புறம் அவ அக்கான்னு கூப்பிட்டா யார் ஏன்னு கேப்பா என்று திருப்பிக் கேட்டாள். சவரிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு மிஷின் ரூமுக்கு ஏறிப்போனார்.

அரைக்குடம் மூன்று நாள் வந்தது. கடைசி நாளில் அடியில் கிடந்த மண்ணோடு குடித்தாள். ஒவ்வொரு ஆட்டத்திலும் எழுந்து நின்று, வேண்டாம் தாயி என்று சொன்னாள். குரல் வர வரத் தேய்ந்தது. கோமதி ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுப் போனாள். பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், எண்ணிக்கொண்டிருந்தார்கள், இன்னும் எத்தனை ஆட்டம் என்று.

நாலாம் நாள் காலையில் சீனித்தாய் தெருவில் இறங்கினாள். முதல் வீட்டில் தட்டினாள். தண்ணி என்றாள். உள்ளே நடமாட்டம் நின்றது. இரண்டாவது வீட்டில் தட்டினாள். ஜன்னல் இடுக்கில் ஒரு கண் தெரிந்து மறைந்தது. மூன்றாவது வீட்டில், நாலாவது வீட்டில், இருபது வருஷமாக அவள் முந்தானையை இழுத்து எனக்காகக் கத்து எனக்காக அழு என்று கேட்ட பெண்கள் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் தட்டினாள், எந்தெந்த வீட்டுக்காரி எந்தெந்தப் படத்தில் எதைச் சொல்லிக் கத்தச் சொன்னாள் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது, புருஷனை நேராக வைய முடியாதவள் வில்லனை வையச் சொன்னது, மகளைக் கொடுத்துவிட்டு வாய் மூடிக் கிடந்தவள் அந்த மாமியார் நாசமாய்ப்போக என்று சொல்லச் சொன்னது, எல்லாம் இந்தத் தொண்டை வழியாகத்தான் போனது, அந்தத் தொண்டைக்குத்தான் இப்போது ஒரு மடக்குத் தண்ணீர் கேட்டாள். முப்பத்தொன்பது வீடு. நாற்பதாவது, கடைசி வீடு அன்னபாக்கியத்தினுடையது.

"வாத்தியாரம்மா."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"ஒரு மடக்கு போதும், வாத்தியாரம்மா."

"மத்தியானம் வர்றேன் சீனியக்கா, கொட்டகைக்கு. ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க. அப்புறம் குடம் குடமா நானே கொண்டாந்து ஊத்துறேன். எனக்கு மட்டும் உங்க மேல பிரியம் இல்லையா?"

அழுதுகொண்டேதான் சொன்னாள். தாழ்ப்பாளை மட்டும் இன்னொரு தடவை இழுத்துச் சரிபார்த்தாள்.

அன்று பகலாட்டத்துக்கு உட்கார இடமில்லை. குட்டிச்சுவர் மேலேயும் ஆட்கள் இருந்தார்கள். சவரிமுத்து விளக்கை அணைத்தார். சீனித்தாய் எப்போதும் உட்காரும் மணலில், திரைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்றுகூடச் சொல்லமுடியாது, சாய்த்து வைத்த மூட்டை மாதிரி இருந்தாள். பெண்கள் அவளைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

கதவு தட்டப்பட்டது. கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா. அந்த மூன்று பேர் குரலிலும் இப்போது நடிப்பு இல்லை.

கோமதி வந்து நின்றாள்.

"அக்கா, திறக்கவா?"

சீனித்தாய் வாயைத் திறந்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. வேண்டாம் என்பது உள்ளே எங்கேயோ உருண்டு, மேலே வராமல் நின்றது.

"அக்கா?"

கோமதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். இருட்டில் தேடினாள். அவளுடைய வெள்ளைச் சேலையின் வெளிச்சம் சீனித்தாயின் முகத்தில் விழுந்தது. வெடித்த உதடும் உள்ளே போன கண்ணும் எல்லோருக்கும் தெரிந்தன. கோமதிக்கும் தெரிந்தன.

"என்னக்கா செய்யுது? என்ன வேணும் சொல்லுங்க."

சீனித்தாய் எதையும் நினைத்துச் சொல்லவில்லை. அந்தத் தொண்டையில் மிச்சம் இருந்தது ஒரே வார்த்தைதான், அது தானாக வந்தது.

"தண்ணி."

அதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடியாத பெண் முள்ளூரணியில் ஒரே ஒருத்திதான் மிச்சம் இருந்தாள். கோமதி செம்பை எடுத்தாள், மூடியை வீசினாள், தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்து, வாசலில் நின்ற மூன்று பேரையும் ஒதுங்குங்கடா என்று முழங்கையால் விலக்கிவிட்டு, படிக்கட்டில் இறங்கி, திரையின் விளிம்புக்கு வந்து மண்டியிட்டுச் செம்பை வெளியே நீட்டினாள். செம்பு சாம்பல் நிறத்தில் இருந்தது. தண்ணீர் குளிர்ந்திருந்தது.

சீனித்தாய் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள்.

பின்னால் இரண்டாவது ஆள் கதவுக்கு நடுவில் காலை வைத்தான். கோமதி திரும்பிப் பார்த்தாள். பிறகு சீனித்தாயைப் பார்த்தாள், ஓடவா, உள்ளே போகவா, பிள்ளையை எடுக்கவா, அக்கா என்ன சொல்கிறாள் என்று பார்த்தாள். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். கோமதிக்குத் தப்பிக்க நேரம் இருந்தது. சீனித்தாய்க்கு அது தெரிந்தது. செம்புக்கு மேலே கோமதியின் முகத்தை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வாயில் தண்ணீர் இருந்தது, விழுங்கினாள், அடுத்த மடக்கு வந்தது, அதையும் விழுங்கினாள். முதல் மடக்கில் நிறுத்தியிருக்கலாம். இரண்டாவதில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. செம்பு காலியாகி, அடியில் ஒட்டிய சொட்டையும் விரலால் வழித்து நக்கி முடித்துத் தலையைத் தூக்கியபோது, கோமதியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போயிருந்தார்கள். மூன்றாவது ஆள் தாழ்ப்பாளைப் போட்டான்.

ஆண்கள் பக்கம் கொட்டகையே அதிரும்படி விசிலடித்தது. காகிதம் கிழித்துப் பறக்கவிட்டார்கள். பெண்கள் பக்கம் சத்தமில்லை. ஆனால் ஒருத்தியும் கண்ணை மூடவில்லை. முன்னால் தலை மறைத்தால் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பக்கத்து டவுன்காரி சொன்னது சொன்னபடி இருந்தது, மாமியாருக்கு நடந்ததும், பிள்ளை ஒளிந்ததும், கண்டுபிடித்ததும், கையெடுத்துக் கும்பிட்டதும். பக்கத்து டவுனில் இல்லாத ஒன்று மட்டும் இங்கே இருந்தது. ஏழாவது ரீலில் கோமதி இந்தப் பக்கம் திரும்பி, அக்கா என்று கூப்பிட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். ஆண்கள் பக்கத்தில் யாரோ, ஏன் தாயி என்று மெல்லிய குரலில் பதில் சொல்ல, பெரிய சிரிப்பு எழுந்தது. சீனித்தாயை யாரும் எதையும் சொல்லிக் கத்தச் சொல்லவில்லை. அவள் மடியில் காலிச் செம்பு இருந்தது.

வணக்கம் போட்டதும் அன்னபாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள், சொன்ன சொல் தவறாமல் இரண்டு குடம் கொண்டுவந்து தகரச் சாய்ப்பில் இறக்கினாள். தனுக்கோடி தொட்டிக் குழாயின் பூட்டைத் தன் கையாலேயே எடுத்தார். வாளியும் கயிறும் கிணற்றுக்கு வந்துவிட்டன. தெருவில் வாசல் செம்புகள் மறுபடி வலதுகைப் பக்கம் வந்து உட்கார்ந்தன. அன்று சாயந்திரமே ஏதோ ஒரு வீட்டில் தண்ணி கேட்டு வந்த வளையல்காரனுக்குச் செம்பு நீட்டி, குடி குடி இன்னும் குடி என்று வயிறு வலிக்கிறவரை ஊற்றியிருக்கிறார்கள். ஊர் தன் வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி.

சீனித்தாய் சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் அடுப்படிச் சத்தம் இல்லை. பிறகு அவள் எந்தப் படத்துக்கும் எழுந்து கத்தவில்லை. சீட்டுக் கிழிப்பதோடு சரி.

மறுநாள் காலையில் தியேட்டர் மாட்டுவண்டி இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மைக் வைத்துத் தெருத்தெருவாகப் போனது. அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, உங்கள் செல்வநாயகி டாக்கீஸில் உள்ளே மூவர், இன்று முதல் முழுப்படமாக. கதவு திறந்துவிட்டது, பார்த்து மகிழுங்கள். நோட்டீஸை எட்டிப்பிடிக்கப் பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடின. தனுக்கோடி நன்றி மறக்கிற ஆள் இல்லை. தட்டியில் கோமதியின் படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தார். மைக்குக்காரன் ஒவ்வொரு தெருமுனையிலும் வண்டியை நிறுத்தி, மூச்சை இழுத்து, கடைசியாக அதை வாசித்தான்: படத்தின் கோளாறைச் சரிசெய்து கொடுத்தவர், நமது சீனித்தாய்.